அடுத்து எந்தச் சரித்திர நாவல்? பரிந்துரைகளும் அவற்றின் அளவுகோல்களும்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்து முடித்தவர் கேட்கும் அடுத்த கேள்வி எல்லோருக்கும் தெரியும்: இனி எதைப் படிக்கலாம்? பதில்களும் கைவசம் இருக்கின்றன. சிவகாமியின் சபதம், கடல்புறா, யவன ராணி, வேங்கையின் மைந்தன், உடையார், வேள்பாரி என்று பட்டியல் வந்து விழும். கேட்டவர் அதில் ஒன்றை எடுப்பார். நூறு பக்கம் தாண்டுவார், அல்லது தாண்டாமலே வைத்துவிடுவார்.

பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும் அதைத் தருபவர்களின் காரணங்கள் ஒன்றல்ல. ஒருவர் வரலாறு தெரிந்துகொள்ளலாம் என்கிறார். இன்னொருவர் கீழே வைக்க முடியாது என்கிறார். மூன்றாமவர் இவையெல்லாம் வணிக எழுத்து, வேண்டுமானால் இதிலிருந்து தொடங்கலாம் என்கிறார். காதலும் மர்மமும் கலந்த சரித்திர நாவலை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது எதை அளவாக வைப்பது என்ற இந்தக் கேள்விக்கு, தமிழில் நூறாண்டுக்கும் மேலாகப் பல தரப்புகள் விடை சொல்லிவந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டில் வைத்துப் படிக்கலாமா?

மிகப் பழைய அளவுகோல் ஒழுக்கம். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் வேதநாயகம் பிள்ளை கதையோடு நீதியையும் சேர்த்தே ஊட்டினார். நாவல் என்ற புதுச் சரக்குக்கு அன்று அப்படியொரு நியாயம் தேவைப்பட்டது. திருகோணமலையைச் சேர்ந்த தி.த. சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் வந்தது. தமிழின் முதல் சரித்திர நாவலாக அதையே பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். நாயக்கர் காலத்துப் பின்னணியில் காதலையும் அரசியலையும் பிணைத்த கதை அது. இந்த வகையின் தலைவாசலிலேயே ஓர் ஈழத்து எழுத்தாளர் நிற்பது பட்டியல் போடுபவர்கள் பலருக்கு நினைவிருப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் துப்பறியும் கதைகள் பெருகின. ரங்கராஜுவின் கோவிந்தனும் வடுவூராரின் திகம்பர சாமியாரும் வீடுதோறும் தெரிந்த பெயர்களாயினர். இளைஞர்களும் பெண்களும் இவற்றால் கெட்டுப்போவார்கள் என்ற கவலை கூடவே எழுந்தது. கடைசியில் தீயவன் தண்டிக்கப்படுகிறானே என்பது ஆதரித்தவர்களின் பதில். முடிவை மட்டும் வைத்துப் புத்தகத்தை எடைபோடுவது இருதரப்புக்கும் பொதுவான பலவீனம். நடுவிலுள்ள முந்நூறு பக்கங்களில் வாசகர் எதில் திளைக்கிறார் என்பதை அது கேட்பதே இல்லை.

இந்த அளவுகோல் செத்துவிட்டதாகத் தோன்றலாம். உண்மையில் அது வேறு உருவில் தொடர்கிறது. கல்கியை எல்லோரும் படிக்கலாம், சாண்டில்யன் கொஞ்சம் பெரியவர்களுக்கு என்று இன்றும் வீடுகளில் சொல்லப்படும் பாகுபாடு அதன் மிச்சம்தான். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புத்தகம் தேடும் பெற்றோருக்கு அது பயன்படவும் செய்கிறது. அதற்கு மேல் எதையும் அது சொல்வதில்லை.

வரலாற்றுக்கு எவ்வளவு நெருக்கம்?

இரண்டாவது தரப்பு வரலாற்று உண்மையை முன்வைக்கிறது. கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பதிப்பிக்கப்பட்டு, 1930களில் நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறும், பின்னர் தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் தமிழ் நூலும் வந்தபின் இது வலுப்பெற்றது. கல்கியே தம் நாவல்களில் ஆதாரங்களைப் பற்றிப் பேசியவர். 'பொன்னியின் செல்வ'னுக்காக ஓவியர் மணியத்துடன் இலங்கைவரை சென்று இடங்களைப் பார்த்துவந்தார். 'இது வெறும் கதையல்ல' என்று சொல்லிப் புத்தகத்தைக் கொடுப்பவருக்கு இவையெல்லாம் துணை நிற்கின்றன.

இந்தத் தரப்பைச் சோதிக்கச் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியவர்களை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. பஞ்சவன் பிரமாதிராசன், இருமுடிசோழ பிரமாதிராசன் போன்ற பட்டங்கள் அவர்களில் சிலர் அரசு அதிகாரிகளாக இருந்தவர்கள் என்பதைக் காட்டுகின்றன. அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலங்கள் குறித்த ஆணை வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போகிறது. கொன்றது யார் என்பதற்குக் கல்லில் இருப்பது இவ்வளவுதான். ஏன் கொன்றார்கள் என்பதற்கு அதில் விடை இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் வரலாற்றாசிரியர்களே பிரிகிறார்கள். கொலைக்குப் பின் அரியணை ஏறியவர் உத்தம சோழர். குற்றவாளிகளைப் பற்றிய ஆணையோ 985இல் பட்டமேறிய ராசராசனின் காலத்தில்தான் கிடைக்கிறது. அதனால் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழர்மீது ஐயம் கொண்டார். பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்வெட்டு பேசுவது தண்டனையின் தொடக்கத்தை அல்ல, நிலத்தின் பிற்காலக் கைமாற்றத்தை என்று வாசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

கல்கி இதை என்ன செய்தார் என்று பார்க்கலாம். அவர் கதை தொடங்குவதே வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கன்று, அந்தக் கல்வெட்டுக் கோயிலுக்கு வெகு அருகில். ரவிதாசனையும் சோமனையும் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளாக்கினார். நந்தினி என்ற கற்பனைப் பெண்ணை நடுவில் நிறுத்திக் கொலைக்குப் பகையையும் காதலையும் காரணமாக்கினார். உத்தம சோழர்மேல் விழுந்த சந்தேகத்துக்கு வேறொரு கதை நெய்தார். கடம்பூர் மாளிகையில் கொலை நடக்கும் கணத்தில் வெளிச்சம் போய்விடுகிறது. அறையில் இருப்பவர்கள் பலர், அவர்களில் காரணம் உள்ளவர்களும் பலர். பழி கதாநாயகன் வந்தியத்தேவன்மேல் வருகிறது. அவனைக் காப்பாற்றக் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள முன்வருபவர்களும் உண்டு. வாள் யார் கையிலிருந்து பாய்ந்தது என்பதைக் கல்கி திட்டமாகச் சொல்லவில்லை. 1954இல் தொடர் முடிந்தபோது வாசகர்களின் கேள்விகளுக்கு அவர் தனியே முடிவுரை எழுத வேண்டியிருந்தது.

ஆகவே 'வரலாறு தெரிந்துகொள்ளலாம்' என்று இதைக் கொடுப்பது பாதி உண்மைதான். கல்வெட்டில் இல்லாத நந்தினியை நிஜமாக வாழ்ந்தவள் என்று நம்பும் வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் படங்கள் வந்தபின் அந்த நம்பிக்கை இன்னும் பரவியிருக்கலாம். அதற்காகக் கல்கியைக் குறை சொல்வது நியாயமாகாது. அவர் தம் கற்பனைப் பாத்திரங்களை மறைத்தவர் அல்ல. கொடுத்தவர்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

இந்தச் சங்கடம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியின் மன்சோனி புகழ்பெற்ற சரித்திர நாவல் ஒன்றை 1827இல் எழுதியவர். பின்னாளில் அவரே, 1850இல் வெளியான கட்டுரையில், வரலாற்றையும் கற்பனையையும் கலக்கும் இந்த வகை நிலைக்காது என்று வாதிட்டார். வாசகரிடம் எது உண்மை என்று பிரித்துச் சொன்னால் கதை உடைகிறது. சொல்லாவிட்டால் வரலாறு கெடுகிறது என்பது அவருடைய சிக்கல். நாவலின் உள்ளே இதற்குத் தீர்வு இல்லாமல் போகலாம். நாவலுக்கு வெளியே நின்று பரிந்துரைப்பவருக்கு இது அத்தனை கடினமில்லை. எது கல்வெட்டு, எது கற்பனை என்று இரண்டு வரி சொன்னால் போதும்.

இலக்கியமா, வெறும் பொழுதுபோக்கா?

மூன்றாவது தரப்பு சிறுபத்திரிகை மரபில் உருவானது. 1933இல் தொடங்கிய 'மணிக்கொடி', 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' ஆகியவற்றின் வழி வந்த விமர்சகர்களுக்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதைமீது ஆழ்ந்த அவநம்பிக்கை இருந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு திடுக்கிடலில் நிறுத்த வேண்டும், அடுத்த வாரம் அதை அவிழ்க்க வேண்டும், வாசகர் விரும்பும் பாத்திரத்தை நீட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் நாவலின் வடிவம் சிதைகிறது என்பது அவர்களின் வாதம். க.நா. சுப்ரமண்யம் இதில் முதன்மையானவர். நல்ல நூல்களை வாசகருக்கு எடுத்துச் சொல்லும் 'படித்திருக்கிறீர்களா?' என்ற கட்டுரைகளையும் அவரே எழுதினார். தமிழில் பரிந்துரை என்பதை ஒரு பொறுப்பாக ஏற்று நடத்தியவர்களில் அவருக்குத் தனி இடம் உண்டு. பின்வந்த ஜெயமோகன் இவ்வகை நாவல்களை ஒதுக்கிவிடாமல் 'வரலாற்று மிகுகற்பனை' என்று தனி வகையாக வைத்துப் பட்டியலிட்டார். அது ஒரு நல்ல நகர்வு.

மார்க்சிய விமர்சனம் வேறு கோணத்திலிருந்து இதே முடிவுக்கு அருகே வந்தது. வால்டர் ஸ்காட் 1814இல் 'வேவர்லி'யை எழுதியதன் சிறப்பு, பெரிய வரலாற்று மாற்றங்களைச் சாதாரண மனிதர் வழியே காட்டியதில் இருக்கிறது என்று லூகாச் 1937இல் வெளிவந்த நூலில் விளக்கினார். அந்த அளவை எடுத்துவந்தால் அரசரும் இளவரசியும் ஒற்றரும் மட்டுமே உலவும் நம் சரித்திரக் கதைகள் தடுமாறுகின்றன. உழவரும் நெசவாளரும் பின்னணியில் கோஷம் போடும் கூட்டமாக மட்டும் வந்துபோகிறார்கள். இந்தக் குறை மெய்யானது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியை எழுதிய பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' 1995இலும், மதுரையின் அறுநூறு ஆண்டுகளைக் காவல்காரர்களின் பக்கமிருந்து சொன்ன சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2011இலும் சாகித்திய அகாதெமி விருது பெற்றன. வேறுவிதச் சரித்திர நாவல் தமிழில் முடியும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

ஆனால் பரிந்துரை என்று வரும்போது இந்தத் தரப்பு ஒன்றைத் தவறவிடுகிறது. எது சிறந்தது என்ற கேள்வியும் இவருக்கு எது என்ற கேள்வியும் ஒன்றாகாது. வந்தியத்தேவனின் குதிரையோடு ஓடிவந்த வாசகரிடம் உடனே 'காவல் கோட்ட'த்தைக் கொடுத்தால், அந்த நாவலின் மெதுவான, கிளைகள் விரிந்த நடை அவரைத் தள்ளிவிடக்கூடும். 'வேங்கையின் மைந்த'னுக்காக அகிலனுக்கு 1963இல் அதே அகாதெமி விருது கிடைத்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விருதும் விமர்சகரின் தரவரிசையும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை.

கல்கியில் தொடங்கி மேலே ஏறுவது

இலக்கியத் தரத்துக்கும் வாசகர் விருப்பத்துக்கும் இடையே சமரசமாகப் பிறந்தது படிக்கட்டு வாதம். முதலில் கல்கி, பிறகு சுஜாதா, பிறகு ஜானகிராமன், பிறகு அசோகமித்திரன் என்று வாசகர் படிப்படியாக உயர்வார். ஆகவே சரித்திரக் காதல் கதை நல்ல தொடக்கம் என்கிறது அது. இதில் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. தீவிர எழுத்தாளர்கள் பலர் இளமையில் கல்கியையும் சாண்டில்யனையும் விழுந்து விழுந்து படித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இருந்தாலும் இந்தச் சாட்சியம் ஒருபக்கமானது. ஏறியவர்கள் எழுதுகிறார்கள்; ஏறாமல் கல்கியையே மூன்றாம் தடவை படிப்பவர்கள் தங்களைப் பற்றி எழுதுவதில்லை. அவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது. தவிர, படியாக மட்டும் பார்க்கப்படும் புத்தகம் தனக்குரிய மரியாதையை இழக்கிறது. 'சிவகாமியின் சபத'த்தின் முடிவில் வெற்றி பெற்ற மன்னனும் சபதம் நிறைவேறிய நடனப் பெண்ணும் எதிரெதிரே நிற்கும் நிலையில் இருக்கும் கசப்பு, வேறெங்கோ போவதற்கான வழியாக மட்டும் எழுதப்பட்டதல்ல.

சுவை என்ற அளவு

வாடகை நூலகங்களில் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர்களும், வாரப் பத்திரிகையிலிருந்து தொடரைக் கிழித்துப் படங்களோடு பைண்டு செய்து கைமாற்றிய வீட்டுப் பெண்களும் எந்தக் கோட்பாடும் பேசவில்லை. கேட்பவருக்கு எது பிடிக்கும் என்று பார்த்துக் கொடுத்தார்கள். விமர்சன வரலாற்றில் இந்தத் தரப்புக்கு இடம் குறைவு. என் கணிப்பில் மிகக் கூர்மையான பாகுபாடுகள் இங்கேதான் இருந்தன.

சரித்திரக் காதல் கதை என்ற ஒரே பெயருக்குள் எத்தனை வேறுபாடு! கல்கியிடம் உரையாடலும் நகைச்சுவையும் ஓடும். காதல் பெரும்பாலும் பார்வையிலும் பேச்சிலும் நிற்கும். சாண்டில்யனிடம் வருணனை நீளும். 'கடல்புறா'வில் கருணாகரத் தொண்டைமான் கடலில் பழகும் போர்முறைகள், மரக்கலத்தின் அமைப்பு, காற்றின் திசை எல்லாம் பக்கம் பக்கமாக வரும். நாயகியின் உடல் வருணனையும் அதே அளவுக்கு வரும். முன்னதற்காகப் படிப்பவர் பின்னதைத் தாண்டிப் போகலாம். பின்னது உறுத்தலாகி நிறுத்திவிடும் வாசகர்களும் உண்டு, குறிப்பாகப் பெண்கள். நா. பார்த்தசாரதியின் 'மணிபல்லவ'த்தில் காதலைவிடத் துறவும் தத்துவ வாதமும் கனக்கும். பாலகுமாரனின் 'உடையார்' ஆறு பாகங்களில் பெரிய கோயில் எழுவதைச் சொல்கிறது. கல்லும் யானையும் சிற்பியும் பிடித்தவருக்கு அது விருந்து, கதைத் திருப்பம் தேடுபவருக்குச் சோதனை.

சுவை வழியின் பலவீனம், பிடித்ததையே திரும்பத் திரும்பக் கொடுப்பது. சோழர் கதை கேட்டவருக்குச் சோழர் கதை, அதன் பின்னும் சோழர் கதை. பிற்காலப் பாண்டியரும் நாயக்கரும் மராத்தியரும் யாழ்ப்பாண அரசும் வரிசையில் பின்னால் போகிறார்கள். கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டதால் எல்லாப் பதிப்பகமும் அவற்றை அச்சிட முடிகிறது. மலிவாகக் கிடைப்பதே அதிகம் பரிந்துரைக்கப்படுகிறது என்ற சாய்வும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

மர்மம் வரும்போது

மேலே சொன்ன எல்லாத் தரப்புகளுக்கும் மர்ம நாவல் ஒரு கூடுதல் தொல்லை தருகிறது. சொல்லாமல் பரிந்துரைக்க வேண்டும். சரித்திர மர்மத்தில் இது இன்னும் விசித்திரமானது, முடிவின் பாதி முன்பே தெரிந்தது என்பதால். ஆதித்தன் சாவான், ராசராசன் அரியணை ஏறுவான், 642இல் வாதாபி விழும். தெரியாமல் இருப்பது கற்பனை மனிதர்களின் கதி. சிவகாமி என்ன ஆவாள்? பூங்குழலி எங்கே போவாள்? 'பார்த்திபன் கனவி'ல் அந்தச் சிவனடியார் யார்? காதலும் மர்மமும் இந்த வகையில் ஒன்றையொன்று தாங்குவது இங்கேதான்: வரலாறு மூடிவிட்ட கதவுக்குள் கற்பனைப் பாத்திரம் ஒன்றுதான் வாசகரைக் காத்திருக்க வைக்க முடியும்.

மேலைநாட்டில் இந்த வகை வேறு வழிகளில் வளர்ந்திருக்கிறது. அகதா கிறிஸ்டி 1944இல் பண்டைய எகிப்தில் ஒரு குடும்பக் கொலைக்கதையை வைத்தார். உம்பர்ட்டோ எக்கோ 1980இல் பதினான்காம் நூற்றாண்டு மடாலயமொன்றில் துப்பறிய வைத்தார். ஜோசபின் டேயின் 1951ஆம் ஆண்டு நாவல் இன்னும் நேரடியானது. மருத்துவமனையில் படுத்திருக்கும் காவல் அதிகாரி, மூன்றாம் ரிச்சர்டு தன் அண்ணன் மகன்களைக் கொன்றானா என்று புத்தகங்களை வைத்து விசாரிக்கிறார். அவன் குற்றமற்றவன் என்ற முடிவுக்கு வருகிறார். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆதித்தன் கொலைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை.

தமிழில் இந்தத் திசையில் போனவர்கள் குறைவு. சுஜாதாவின் 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை' அவற்றில் முக்கியமானது. தம் துப்பறியும் கதைகளின் நாயகர்களான கணேஷ், வசந்தை ராசராசன் காலத்துக்குக் கொண்டுபோய்க் கணேச பட்டராகவும் வசந்தகுமாரனாகவும் உலவவிட்டார். நீண்ட வருணனையால் சரித்திர நாவலையே தொடாதவருக்குத் துணிந்து கொடுக்கலாம். காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா' ஆதித்தன் கொலையையே எடுத்து, கல்கி காட்டாத ஒரு திசையில் விரல் நீட்டுகிறது. எந்தத் திசை என்று இங்கே சொல்லிவிட்டால் படிக்கப்போகிறவருக்குச் செய்யும் துரோகமாகும். ஆனால் அது கல்வெட்டு நிறுவாத ஊகம் என்பதை முன்கூட்டியே சொல்வதில் பிழையில்லை. சொல்வதால் திருப்பம் எதுவும் கெடுவதுமில்லை.

நாவல் வாசகரிடம் எதை ஒப்புக்கொள்கிறது என்பதே பரிந்துரையில் முதலில் சொல்லப்பட வேண்டியது என்ற என் கருத்து இதிலிருந்து பிறக்கிறது. தெரிந்த நிகழ்வை எந்த அளவுக்கு மதிக்கிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது, மர்மம் அவிழ்க்கப்படுமா திறந்தே விடப்படுமா, காதல் எந்த அளவுக்கு உடலைப் பேசுகிறது, எத்தனை பாகம் என்பவற்றைக் கதையைச் சொல்லாமலே சொல்லலாம். 'பொன்னியின் செல்வ'னைக் கொலை மர்மமாகக் கொடுத்தால் ஐந்தாம் பாகத்தின் முடிவில் ஏமாற்றம் நிச்சயம். பெரிய குடும்பமொன்றின் அதிகாரப் போட்டியாகக் கொடுத்தால் அதே முடிவு வேறுவிதமாகப் படும்.

தீராத கேள்விகள்

இந்த அணுகுமுறையும் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. சாதியும் மதமும் இதில் கடினமானவை. உடையார்குடிக் கல்வெட்டில் வரும் பட்டங்களே இன்று சாதிச் சண்டைக்குப் பயன்படுகின்றன. 1857 கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு சுஜாதா தொடங்கிய தொடர் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டு, பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில் வந்தது. ஒரு நாவல் யாரைப் புண்படுத்தக்கூடும் என்பதைப் பரிந்துரைப்பவர் சொல்ல வேண்டுமா, சொன்னால் அது தணிக்கையின் முதல் அடியாகிவிடாதா என்பதில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. பெண்களை வருணிக்கும் பகுதிகளை எந்த அளவுக்கு எச்சரிப்பது என்பதும் அப்படியே.

ஒலிநூல்களும் சுருக்கப் பதிப்புகளும் இன்னொரு புதுச் சிக்கலைக் கொண்டுவந்திருக்கின்றன. வாரந்தோறும் காத்திருக்க வைப்பதற்காகக் கட்டப்பட்ட அத்தியாயங்களை இன்று ஒரே மூச்சில் கேட்கிறார்கள். அந்தத் திடுக்கிடல்கள் அப்போதும் வேலை செய்கின்றனவா, அலுப்பாகின்றனவா என்பது இனி ஆராயப்பட வேண்டியது. படிக்கட்டு வாதத்தையும் ஊகத்தில் விட வேண்டியதில்லை. மாவட்ட மைய நூலகங்களில் கணினிப்படுத்தப்பட்ட இரவல் பதிவுகள் இருக்குமிடத்தில், பெயர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், கல்கியை எடுத்துச் சென்றவர்கள் அடுத்த ஓராண்டில் எதை எடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.